இருளப்பன் முதுகில் வந்தவை

ஜனாதிபதி மாளிகையில் இருபத்தாறு வருடங்களாகத் தேநீர் பரிமாறிவந்த இருளப்பனின் முதுகில், மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, அன்று காலை பூட்டிய அறைக்குள் பெரியவர்கள் பேசிக்கொண்டவை எழுத்துகளாக ஏறியிருந்தன. முதலில் கண்டவர் அவருடைய மனைவி ரெங்காயி. வாய்க்காலோரத் தோட்டத்தின் பொதுக் குழாயடியில் கணவருக்கு முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தவர், அதைத் தேமல் என்று எண்ணிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், தும்பால் தேய்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பிளந்து தேய்த்தார்; தேய்க்கத் தேய்க்கத் தேமல் தெளிந்து, வரி பிரிந்து, கடைசியில் 'அரிசிக் கப்பல் இரண்டு வாரம் பிந்தும், இப்போதைக்கு வெளியே தெரியவேண்டாம்' என்று வாசிக்கத்தக்கதாக நின்றது. ரெங்காயிக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்தில் வாளியோடு நின்றவர்கள் வாசித்துச் சொன்னார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் அந்தப் பகுதிக் கடைகளில் அரிசி இல்லை.

தோட்டம் என்பது பெயருக்குத்தான். நூற்றுப் பத்துத் தகர வீடுகள், இரண்டு குழாய்கள், ஒரு சிறிய அம்மன் கோயில், பள்ளிவாசலின் பின்சுவர், அவ்வளவே. இறந்தவர்களுக்கு வாக்குச்சீட்டும் உயிரோடிருப்பவர்களுக்கு மரணச் சான்றிதழும் தபாலில் வந்துசேர்ந்த இடமாதலால், ஒரு மனிதரின் முதுகில் அரசாங்கம் எழுதப்படுவதை அங்கே யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஒரு கிழமைக்குள் அதற்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. ஐந்தரைக்கு இருளப்பன் வேலை முடிந்து வருவார், சட்டையைக் கழற்றிவிட்டுக் குழாயடிப் பலகைக்கட்டையில் உட்காருவார். ஓய்வூதியக்காரர்கள் முதலில் வாசிப்பார்கள், அடுத்தது மண்ணெண்ணெய் அட்டைக்காரர்கள், அதன்பின் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள், கடைசியாக வேறு வேலையில்லாதவர்கள். மாளிகைக்குள் பேசப்படுவது வேறு மொழி. முதுகில் வருவதோ தமிழ், அதுவும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட இருளப்பனின் சொந்தக் கையெழுத்தில், குண்டு குண்டாக. அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் எழுதுவதைவிட நல்ல தமிழ் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தமிழ் தெரியாத அயலவர்கள் பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சட்டைக் கொலருக்கு மேலே கழுத்துப் பகுதியை மட்டும் யாரும் வாசிப்பதில்லை. அது ரெங்காயிக்கு உரிய இடம் என்று பேசாமலே முடிவாகியிருந்தது.

"இருளப்பண்ணே, கொஞ்சம் குனிங்க, இடுப்புக்கிட்ட மண்ணெண்ணெய்ன்னு என்னமோ போட்டிருக்கு."

"குனிஞ்சா மூக்குல தண்ணி போகுது. நாளைக்குப் பாத்துக்க."

"நாளைக்கு வெல ஏறிப்போனா நீங்களா ஊத்துவீங்க?"

"எம் புருசன் முதுகு என்னா நோட்டீஸ் பலகையா?" என்பார் ரெங்காயி, சொல்லிவிட்டு, "சரி, என்னா போட்டிருக்கு, சத்தமா வாசி" என்பார்.

மருந்தகத்து டாக்டரிடமும் காட்டினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழு முதுகையும் ஆறுதலாக வாசித்து, அரசாங்க மருந்தகங்களுக்கு அடுத்த மாதமும் மருந்து வராது என்பதை வலது விலாவுக்குக் கீழே கண்டறிந்து, பூசுமருந்து ஒன்றை வெளிக்கடையில் வாங்கும்படி எழுதிக் கொடுத்தார்.

இருளப்பன் மட்டும் தன் முதுகில் என்ன இருக்கிறதென்று, ஒரேயொரு நாளைத் தவிர, கேட்டதில்லை. "டீ ஊத்துறப்ப காதைக் கழட்டி வெச்சிருவேன் சேர். இருபத்தாறு வருசமா அப்புடித்தான் பொழைச்சேன்," என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். "காது கேக்காததை எல்லாம் முதுகு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு."

நான் அந்தக் குழாயடிக்குப் போனது மூன்றாவது கிழமை. அந்திநேசன் என்ற மாலைப் பத்திரிகையில் 'மாளிகைக்குள்ளே' என்ற பத்தியைப் பதினொரு வருடங்களாக எழுதிவந்தேன். பகல் பன்னிரண்டுக்கு அச்சேறி ஒரு மணிக்குத் தெருவுக்கு வரும் பத்திரிகை அது. மாளிகைக்குள்ளே நான் மூன்றுமுறை போயிருப்பேன், மூன்று முறையும் வரவேற்பறை வரைதான். மிச்சத்தைச் சாரதிகள் சொன்னதிலிருந்தும், எந்தக் கார் எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்பதிலிருந்தும், என் ஊகத்திலிருந்தும் எழுதினேன். எங்கள் அச்சுக்கூடத்தின் போர்மன் ஜமால்தீன் நானா அந்தத் தோட்டத்தில் குடியிருந்தார். ஒருநாள் என் மேசைக்கு வந்து, மையேறிய கையைத் துடைத்துக்கொண்டே, "சேர், ஒங்கட மாளிகைக்குள்ளே எங்கட குழாயடியில ஈக்கி," என்றார்.

அதன்பின் என் பத்தி நாடெங்கும் பேசப்பட்டது. எந்த அமைச்சர் யார்மீது கோப்பை வீசினார், எந்த ஆலோசகர் தாழ்வாரத்தில் நின்று அழுதார், ஜனாதிபதி பிஸ்கட்டைத் தேநீரில் மூன்றுமுறை தோய்ப்பார், அது உடைந்து விழுந்துவிட்டால் அன்று எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கமாட்டார், எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு மணிக்கு எங்கள் வாசலில் முதலில் நிற்பவர்கள் அமைச்சர்களின் சாரதிகள். தங்கள் ஐயாமார் இன்னும் பதவியில் இருக்கிறார்களா என்பதை அவர்களே பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. சந்தையில் மீன் விற்பவர்கள்கூட, "இண்டைக்கு பிஸ்கட் உடைஞ்சுதோ?" என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்று மாதங்கள் ஒரு நாடு பிஸ்கட்டைப் பற்றிப் பேசியது. அதிகாரத்தின் உட்புறத்தைத் திறந்து காட்டிவிட்டேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அச்சேறிய வரி முதுகிலிருந்து போய்விடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பத்திரிகை தெருவுக்கு வரும் அந்த ஒரு மணிக்கு, தேநீர்த் தட்டோடு நின்ற இருளப்பனின் முதுகில் அந்த வரி இருந்த இடம் மட்டும் சில்லென்று குளிர்ந்தது. பின்னேரம் பார்த்தால் அங்கே வெறும் தோல். அச்சேறாதவை போகவில்லை. சவர்க்காரத்துக்கும் போகவில்லை, பூசுமருந்துக்கும் போகவில்லை, அம்மன் கோயில் திருநீற்றுக்கும் போகவில்லை.

எதை அச்சேற்றுவது என்பது ஆசிரியர் அருளானந்தரின் கையில் இருந்தது. அவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். முந்தைய ஓர் ஆட்சியில் எங்கள் கட்டடம் எரிக்கப்பட்டபோது உள்ளே அகப்பட்ட, அச்சுப்படியில் பிழை திருத்தும் சரவை பார்ப்பவரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தவர் அவர்தான். சுமந்து வந்ததில் பயன் இருக்கவில்லை. அன்றிலிருந்து அவர் மேசையில் ஒரு சிவப்புப் பேனை இருந்தது. பிஸ்கட்டுக்கு அவர் ஒன்றும் செய்யமாட்டார். பாலத்துக்கென வந்த சீமெந்து எங்கே போனது, எந்த நீதிபதிக்கு யார் தொலைபேசியில் பேசினார்கள், எந்த ஊர் மக்களை எந்த மாதம் காணியிலிருந்து எழுப்புவது போன்ற வரிகளுக்கு நேரே சிவப்பில் 'பிறகு' என்று எழுதுவார். வேண்டாம் என்று ஒருமுறையும் எழுதியதில்லை. நான் அந்தப் பிறகுகளை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி வைத்தேன், இருளப்பன் அவற்றை உடம்பில் வைத்திருந்தார். இடுப்பில் தொடங்கி, முதுகெலும்பு வழியே ஏறி, தோள்பட்டைகளை நிரப்பி, வைகாசி பிறந்தபோது அவை கழுத்துக்கு வந்துவிட்டன. அவர் சட்டையின் மேற்பொத்தானையும் பூட்டத் தொடங்கினார். பிறகு கழுத்தில் துண்டு சுற்றினார். கழுத்துப் பிடிப்பு என்று மேற்பார்வையாளருக்குச் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு லீவு எடுக்கேலாதோ?" என்று கேட்டேன்.

"டீ ரூம்லேருந்து தானா வெளிய போனவன் யாரும் இல்லைங்க சேர். போனா ஏன் போனான்னு கேப்பாங்க. கேட்டா சட்டையைக் கழட்டச் சொல்லுவாங்க." வாளியைக் குழாய்க்குக் கீழே தள்ளினார். "அந்தப் பெரிய ஐயாவோட பிறகு எப்பங்க சேர் வரும்?"

பெரிய தபால் கந்தோருக்கு எதிரே நடைபாதையில் ஒரு தறப்பாள் கூடாரம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னர் துறைமுக வீதியில் ஒரு பஸ்ஸை மறித்து, விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி இறக்கப்பட்ட பத்தொன்பது இளைஞர்களின் தாய்மார் இரண்டு வருடங்களாக அதற்குள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா பவளராணி. அவளுடைய மகன் துஷ்யந்தனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது; என்னிடம் சைக்கிள் ஓடப் பழகியவன். என் வீட்டுக்குப் போகும் பாதை அந்தக் கூடாரத்தைக் கடந்துதான் போனது.

வைகாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்று. ஆறு மணிக்கு நான் குழாயடிக்குப் போனபோது மற்றவர்கள் வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள். ரெங்காயி கணவரின் கழுத்துத் துண்டை அவிழ்த்து, "இங்க புதுசா ஒண்ணு வந்திருக்குங்க சேர். காலையிலேருந்து எரியுதுங்கிறாரு," என்று காட்டினார். மயிர் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அந்தக் குண்டு எழுத்தில் மூன்று வரிகள் இருந்தன.

'பத்தொன்பது பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை. தாய்மாருக்கு அறிவிக்கத் தேவையில்லை. காத்திருக்கட்டும், களைத்துப்போவார்கள்.'

"என்னாங்க சேர் போட்டிருக்கு?" என்று திரும்பாமலே கேட்டார் இருளப்பன்.

"பெரிசா ஒண்டுமில்லை."

"பெரிசா ஒண்ணும் இல்லாததுக்கா இப்புடி எரியுது?"

நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அறுபத்து நான்காவது பிறகு. என் கையெழுத்து அன்று அவருடைய கையெழுத்தைப்போலவே குண்டு குண்டாக விழுந்தது. பிறகு வழக்கமான பாதையால் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த வரிகளைத் தட்டச்சுச் செய்து அருளானந்தரின் முன்னால் வைத்தேன். அவர் சிவப்புப் பேனையை எடுத்தார், வாசித்தார், பேனையை மூடி வைத்தார். அக்காவை அவருக்குத் தெரியும்.

"அவையைக் கேட்டீரோ?"

"ஆரை?"

"மாளிகையை. இப்பிடியானதை மற்றப் பக்கத்தைக் கேக்காமல் போடேலாது, குகதாசன். இல்லையெண்டு சொன்னால், இல்லையெண்டு சொன்னதையும் சேர்த்துப் போடுவம்."

இது எங்கள் தொழிலின் நல்ல பழக்கம். ஒருவர்மீது ஒன்றை எழுதுமுன் அவரிடம் சொல்லி, அவருடைய பதிலையும் கேட்டு எழுதவேண்டும். பதினொரு வருடத்தில் நூறுமுறை செய்திருப்பேன். ஆனால் யாரும் வரிகளை அப்படியே வாசித்துக் காட்டுவதில்லை, சாரத்தை மட்டும் சொல்லிக் கேட்பார்கள், ஏனென்றால் சொற்களுக்கு அவற்றைக் கேட்ட காதுகளின் அடையாளம் உண்டு. எனக்கு அது நன்றாகத் தெரியும். புதிதாக வந்த நிருபர்களுக்கு நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று மாளிகைப் பேச்சாளரை அழைத்து, மூன்று வரிகளையும் ஒரு சொல் விடாமல் வாசித்தேன். ஏன் என்று எத்தனையோ தடவை என்னைக் கேட்டுவிட்டேன். பொய்யென்று அவர் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான், வேறெதற்கும் இல்லை. சாரத்தைச் சொன்னால் சாரத்தைத்தான் மறுப்பார். ஒவ்வொரு சொல்லையும் அவர் மறுக்கவேண்டும் என்று எனக்கு இருந்தது.

பேச்சாளர் நல்ல தமிழ் பேசுவார். "கடைசி வரியை இன்னொருமுறை வாசியுங்கள்," என்றார்.

"காத்திருக்கட்டும், களைத்துப்போவார்கள்."

"அது குறிப்பேட்டில் எழுதப்படாதது." என்னிடம் சொல்வதுபோல் இல்லை. "அறையில் ஐந்து பேர்தான் இருந்தோம்." பிறகு, "ஆறு," என்றார், வைத்துவிட்டார்.

இல்லை என்று அவர் சொல்லவேயில்லை. மருமகன் இறந்துவிட்டான் என்பதையும், இருளப்பனை நான் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்பதையும் அந்த ஒரே சொல்லில் தெரிந்துகொண்டு, கையில் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தேன்.

பத்தரைக்கு ஜமால்தீன் நானா அச்சுக்கூடத்திலிருந்து மேலே ஓடிவந்தார். காவலறையில் இருந்த ஒருவன், இத்தனை வருடம் இருளப்பனின் கையால் தேநீர் குடித்தவன், அவருக்கு ஒரு நிமிடம் தொலைபேசியைக் கொடுத்திருந்தான்.

"அவர காவலறையில ஒக்கார வெச்சீக்கிறாங்க சேர். ரெண்டு மணிக்கு மேலதிகாரி வந்து சோதின போடுவாராம். ஒளிச்சு வெச்ச ரெக்கோடர் தேடுறாங்களாம்." மூச்சு வாங்கினார். "சட்டையைக் கழட்டினா முடிஞ்சிச்சி. இப்ப எத்தின வரி ஈக்கி அவர்ட மேல்ல?"

"அறுபத்து நாலு."

"அறுவத்து நாலையும் இண்டைக்குப் போட்டா?"

ஒரு மணிக்குப் பத்திரிகை தெருவில் நிற்கும். இரண்டு மணிக்குச் சட்டையைக் கழற்றுவார்கள். இருவரும் ஆசிரியரின் அறைக்குப் போனோம். நான் நடந்ததைச் சொன்னேன், தொலைபேசியில் வாசித்ததையும் சொன்னேன். அருளானந்தர் என்னைத் திட்டவில்லை. என்னுடைய கொப்பியை வாங்கி, தன்னுடைய அறுபத்து நான்கு பிறகுகளையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எரிந்த கட்டடத்தின் பழைய படம் ஒன்று அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எழுந்தார்.

"எனக்குப் பசிக்குது. வெளியாலை போய்ச் சாப்பிடப்போறன். நான் திரும்பி வரேக்கை மிஷின் ஓடி முடிஞ்சிருக்கும், இனி என்னத்தைச் செய்யிறது."

முப்பத்தொரு வருடங்களில் அவர் வெளியே சாப்பிடப் போனதை யாரும் கண்டதில்லை. மணி பத்தே முக்கால். வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாடு மேசையில் பிரிக்கப்படாமல் இருந்தது.

முதற்பக்கத்தைக் கழற்றினோம். தலைப்பு இல்லை, படம் இல்லை; ஒன்று முதல் அறுபத்து நான்குவரை இலக்கமிட்ட வரிகள் மட்டும். நான் வாசிக்க வாசிக்க எழுத்துக் கோத்தார்கள். நீதிபதி, சீமெந்து, எழுப்பவேண்டிய ஊர்கள். அந்த மூன்று வரிகள் வந்தபோது நிறுத்தினேன். அதை விட்டுவிட எனக்கு வழியில்லை. அவர்கள் தேடுவதே அதைத்தான். மற்ற அறுபத்து மூன்றும் போய் அது மட்டும் மிஞ்சினால் இருளப்பன் அந்த அறையிலிருந்து வெளியே வரமாட்டார். நாள் வரிசைப்படி அது கடைசியில் வரவேண்டும். கடைசி வரி கண்ணில் படும், முதல் வரியும் படும். ஆகவே அதை நாற்பத்தொன்றாவதாக வைத்தேன், காணாமற்போன சீமெந்துக்கும் உடைந்த மதகுக்கும் நடுவில், ஒருவர் அவசரமாகப் பார்த்தால் தாண்டிப் போய்விடக்கூடிய இடத்தில்.

ஜமால்தீன் நானா தகட்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்துக்கொண்டு வந்தார். நாற்பத்தொன்றில் அவருடைய விரல் நின்றது.

"சேர்," என்றார் மெதுவாக. "லாத்தாக்கு, ஒங்கட அக்காக்கு, மொதல்ல போய்ச் சொல்லிட்டு வாங்க. அர மணித்தியாலம் நான் மிஷினை நிப்பாட்டி வெக்கிறன். அப்பயும் ஒண்டரைக்குத் தெருவுக்கு வந்துரும்."

"நேரமில்லை நானா."

அவர் தகட்டைக் கொண்டுபோனார். நேரம் இருந்தது. தபால் கந்தோருக்கு நடந்துபோக எட்டு நிமிடம். நான் அச்சுக்கூடத்தில் நின்று, ஓடத் தொடங்கிய மிஷினைப் பார்த்துக்கொண்டு, கட்டுகள் கட்டப்படுவதையும் சைக்கிள்களில் ஏற்றப்படுவதையும் பார்த்துக்கொண்டு, நான் அங்கே நிற்பது அவசியம் என்பதுபோல் நின்றேன்.

நான் கூடாரத்துக்குப் போனதைச் சொல்லுமுன் இருளப்பனுடைய கதையை முடித்துவிடுகிறேன். ஒரு மணிக்கு அவருடைய மேல் முழுக்க ஒரேயடியாகக் குளிர்ந்தது. காவலறைக் கதிரையில் அவர் நடுங்கியதைக் கண்டு, பழக்கமான அந்தக் காவலன் மின்விசிறியை நிறுத்தினான். இரண்டு மணிக்குச் சட்டையைக் கழற்றினார்கள், மற்றவற்றையும் கழற்றினார்கள், உள்ளங்காலைக்கூடத் திருப்பிப் பார்த்தார்கள். தும்பு தேய்த்த கீறல்களைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. அவர் தங்கள் காவலில் இருந்த நேரத்தில் அறுபத்து நான்கு வரிகள் தெருவில் விலைபோய்க்கொண்டிருந்ததால், சொன்னவன் இவனல்ல என்று முடிவுசெய்தார்கள். அன்றிலிருந்து அந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் சந்தேகித்து, ஒரே அறையில் உட்காருவதை நிறுத்திக்கொண்டதாகக் கேள்வி. இருளப்பனை ஐந்து மணிக்கு வெளியே விட்டு, இனி வரவேண்டாம் என்றார்கள். தோட்டத்தில் வாளிகளோடு காத்திருந்தவர்கள் அவரை முதுகைத் திருப்பச் சொல்லிக் கேட்கவில்லை. ரெங்காயி வழக்கம்போல் முதுகு தேய்த்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கே எழுத்து வரவில்லை, மண்ணெண்ணெய் விலை ஏறுவது ஏறிய பிறகுதான் தெரிந்தது. அடுத்த கிழமை எங்கள் பத்திரிகைக் கந்தோரைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அருளானந்தர் வீட்டில் இருக்கிறார்.

ஒன்றே காலுக்கு நான் கூடாரத்துக்கு ஓடினேன்.

கூடாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தாய்மாரில் இரண்டு பேருக்குக் கண் தெரியாது, ஏழு பேருக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு நாளும் பத்திரிகை வந்ததும் அக்கா அதை விரித்துவைத்து, முதல் வரியிலிருந்து உரத்து வாசிப்பாள். நீர்வெட்டு அறிவித்தலையும் வாசிப்பாள், மரண அறிவித்தலையும் வாசிப்பாள், எதையும் தாண்டமாட்டாள், எந்த வரியில் பிள்ளைகள் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாததல்ல. நாற்பத்தொன்றாவது இடத்தை நான் தேடிக் கண்டுபிடித்தபோது, இந்த வழக்கம் என் தலைக்குள் எங்கே போயிருந்ததோ.

நான் போனபோது வாசிப்பு நின்றிருந்தது. மற்றப் பதினெட்டுத் தாய்மாரும் பாயில் இருந்தார்கள், யாரும் அழவில்லை. அக்காவின் மடியில் பத்திரிகை. அவளுடைய சுட்டுவிரல் பக்கத்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே, தான் கடைசியாக உரத்து வாசித்த இடத்தில் இருந்தது. அவர்கள் எல்லோரும் அதை அவளுடைய குரலில்தான் கேட்டிருந்தார்கள். அவளும் அதைத் தன் குரலில்தான் கேட்டிருந்தாள்.

"அக்கா," என்றேன்.

"எப்ப தெரியும்?"

"நேற்று. நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்கு."

"நேற்று ஆறரைக்கு நீ இங்கை வந்தனீ."

"ஓம்."

இதை நான் மேலே சொல்லவில்லை. வழக்கமான பாதையால் வீட்டுக்குப் போனேன் என்று மட்டும் எழுதினேன். சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன்.

"வந்து, மழை வரப்போகுது எண்டு சொல்லி, தறப்பாளுக்குப் புதுக் கயிறு வாங்கிக் கட்டித் தந்தனீ. நாலு மூலையும் இழுத்துப் பாத்துட்டு, இனி மாரி முடியுமட்டும் தாங்கும் எண்டு சொன்னனீ."

"ஓம் அக்கா."

அவள் பத்திரிகையைப் பார்த்தாள். "காத்திருக்கட்டும் எண்டு அவங்கள் சொன்னாங்கள். தம்பி, நீ அதைத்தான் செய்தனீ."

எதிரே தபால் கந்தோரில் ஆட்கள் வரிசையில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாயின் ஓரத்தில் இருந்த கண் தெரியாத தாய் ஒருத்தி கையை நீட்டி அக்காவின் முழங்காலைத் தொட்டாள்.

"மிச்சத்தையும் வாசி பிள்ளை. எங்கை வைச்சவங்கள் எண்டு போட்டிருப்பாங்கள்."

இன்னும் இருபத்து மூன்று வரிகள் இருந்தன. அவை எல்லாம் எனக்கு மனப்பாடம். மதகு, நீதிபதி, துறைமுகக் காணி, வேறொரு நாட்டின் தூதர். இந்தமுறை நான் தாமதிக்கவில்லை.

"அதிலை இல்லை அம்மா," என்றேன். "எங்கை எண்டு அதிலை ஒரு வரியும் இல்லை. நான்தான் எழுதினது."

அந்தத் தாய் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அக்கா சுட்டுவிரலை ஒரு வரி கீழே இறக்கினாள்.

"நாங்கள் வாசிச்சுப் பாக்கிறம்," என்றாள், நாற்பத்திரண்டாவது வரியை உரத்து வாசிக்கத் தொடங்கினாள்.